இத்தாவுக்கு முன் ஒரு பயணம்

"கறுப்பு ஆகாதாம் தங்கச்சி. நீலமும் ஆகாதாம்."

சிவதர்ஷன் கைபேசியைப் பார்த்தபடி சொன்னான். வலையிறவுப் பாலத்துக்குப் பக்கத்தில், வாவிக்கரையில் அவனுடைய படகுக் கொட்டில் இருந்தது. வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு போய்க் கொக்கும் நாரையும் காட்டுவது அவன் தொழில். அன்றைக்குப் படகு எதுவும் போகவில்லை. முன்னால் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளில் காத்தான்குடி இர்ஷானாவும் அவளுடைய காக்கா, அதாவது அண்ணன், ஷிஹானும் இருந்தார்கள்.

"ஏனாம்?" என்றாள் இர்ஷானா.

"அங்க ஒரு ஈ இருக்காம். மாட்டு ஈ மாதிரி. சட்டைக்கு மேலாலேயே குத்துமாம். கறுப்பையும் நீலத்தையும் கண்டா தேடி வருமாம். மண் நிறம், காய்ஞ்ச புல்லு நிறம், அப்பிடித்தான் உடுத்து வரட்டாம்."

"கறுப்பு ஹபாயா வித்துத்தான் நான் கடை நடத்திறன்," என்றான் முஸ்லிம் பெண்களின் நீள அங்கிகள் விற்கிற ஷிஹான். "எண்ட யாவாரத்தில மண் போடுறதுக்கு ஆபிரிக்காவில ஒரு ஈ இரிக்கெண்டு இண்டைக்குத்தான் தெரியும்."

இர்ஷானா சிரிக்கவில்லை. "மண் நிறத்தில துணி இரிக்கா காக்கா?"

"இரிக்கி. ஆரும் வாங்காம அடியில கிடக்கிது."

"ரெண்டு ஹபாயாவுக்குக் காணுமா?"

"காணும்."

இவர்கள் எங்கே போகப் பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன். இர்ஷானாவின் கணவன் பெயர் பாஹிம். முன்பு சிவதர்ஷனோடு கூட்டாக இந்தப் படகுகளை ஓட்டியவன் அவன்தான். கொரோனாக் காலத்தில் வெள்ளைக்காரர் வரவு நின்றதும் படகுகள் கரையில் கிடந்து காய்ந்தன. பாஹிம் பேருவளை மாணிக்கக்கல் வியாபாரிகளோடு சேர்ந்து மொசாம்பிக் என்ற நாட்டுக்குப் போனான். அந்த நாட்டின் வடக்கே நியாஸா என்று ஒரு காடு உண்டு. நம்முடைய குமணச் சரணாலயம் மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். இலங்கையை மூன்று பங்காக்கினால் அதில் இரண்டு பங்கு வரும். உள்ளே ஆறு, மொட்டைக் கல்மலைகள், யானை, சிங்கம். இடையிடையே ஊர்களும் இருக்கின்றன. சுற்றிப் பார்க்க அங்கே போகிறவர்கள், வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு கலியாண வீட்டுச் சனம் அளவுக்குத்தான் வருவார்கள். களவாகக் குழி வெட்டிச் சிவப்புக் கல் எடுக்கிறவர்களும் அந்தக் காட்டுக்குள் இருந்தார்கள். குழியோரம் நின்று கல் வாங்கப் போனவன் பாஹிம்.

நோன்பு தொடங்குவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே அவனுடைய கைபேசி ஓய்ந்துபோனது. கூடப் போன பேருவளையான் ஒருவன் திரும்பி வந்து சொன்னது இவ்வளவுதான்: மழையில் குழிகள் இடிந்தன, காவல்காரர் வந்தார்கள், எல்லாரும் திக்குத் திக்காக ஓடினோம், பாஹிம் எந்தப் பக்கம் போனான் என்று பார்க்கவில்லை. களவாக நுழைந்த மனிதனைத் தேடித் தாருங்கள் என்று எந்தக் கந்தோரில் போய்க் கேட்பது? கேட்டும் பார்த்தார்கள். அவன் அங்கே இருந்ததற்கே பதிவு இல்லை என்றார்கள்.

அந்தக் காட்டுக்குள் வெளிநாட்டார் ஒளிவுமறைவில்லாமல் போகிற வழி சஃபாரி ஒன்றுதான் என்று சிவதர்ஷன் ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னான்.

"அப்ப சஃபாரி போவம் அண்ணே," என்றாள் இர்ஷானா.

அவன் பகிடி என்று நினைத்தான். அவளோ சீதனமாகத் தனக்கு எழுதிய வளவில் பாதியை விற்றுவிட்டு வந்து நின்றாள். பெண் தனியாகப் போகக்கூடாது என்பதால் கூடப்பிறந்த ஷிஹான் துணை. மொழிக்கும் வழிக்கும் சிவதர்ஷன். மூன்று பேர்.

பாஹிமின் தாய் ஹவ்வா உம்மா தன் மகள் வீட்டில் இருந்தார். ஒவ்வொரு நாளும் பின்னேரத்தில் அஸர் தொழுதுவிட்டு மருமகளிடம் வருவார். அன்று வந்தபோது மேசையில் மண் நிறத் துணி வெட்டுப்பட்டுக் கிடந்தது.

"சாலிஹ் மௌலவிக்கிட்டக் கதைச்சன் மகள்," என்றார். "பள்ளியில காயிப் ஜனாஸா தொழலாமாம்."

உடல் கண்முன் இல்லாமல், தூரத்தில் மௌத்தானவருக்காக, அதாவது இறந்தவருக்காக, 'அல்லாஹு அக்பர்' என்ற தக்பீரை நாலு தரம் சொல்லித் தொழுகிற தொழுகை அது.

"மௌத்தான செய்தி வந்தாத்தானே மாமி தொழுவாங்க."

"அவரும் அதத்தான் செல்றாரு. வீட்டாக்கள் ஒத்து வந்து செல்லணுமாம். நீ ஓம் எண்டு ஒரு சொல் செல்லு."

"செல்ல மாட்டன்."

"எண்ட புள்ள தண்ணிக்குள்ள கிடக்கானோ மண்ணுக்குள்ள கிடக்கானோ. அவனுக்கெண்டு நாலு தக்பீர் இல்லாமக் கிடக்கான். நீ மிருகம் பாக்கப் போறதுக்குச் சட்டை தைக்கிறாய்."

இர்ஷானா கத்தரிக்கோலை வைத்தாள். "உங்கட புள்ள உசிரோட இருந்தா?"

"இருந்தா வரட்டும். நான் பாத்துக்கிட்டுத்தானே இரிக்கன்."

"நீங்க தொழ வச்சிட்டு அவரப் பாத்துக்கிட்டு இருப்பீங்களா மாமி?"

ஹவ்வா உம்மா எழும்பிப் போனார். இரண்டு பேரும் ஒரே மனிதனுக்காகத்தான் சண்டை பிடித்தார்கள். அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

இர்ஷானாவின் பயம் வேறு. கணவன் மௌத்தானால் மனைவி இத்தா இருக்க வேண்டும். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு. நகை இல்லை, வாசனை இல்லை, மருதோன்றி இல்லை, பயணம் இல்லை. தொழுகை வைத்த அன்றைக்கே தான் இத்தாவில் உட்கார வேண்டிவரும் என்று அவள் நினைத்தாள். அதற்குள் அந்தக் காட்டில் மழை தொடங்கிவிடும். மழை தொடங்கினால் பாதைகள் அறுந்துவிடும், சஃபாரிக்காரர் தங்குகிற முகாமைப் பூட்டிவிடுவார்கள். அடுத்த வருஷம் போகலாமா என்றால், அந்தப் பக்கம் துவக்குத் தூக்கிய கலகக்காரரின் நடமாட்டம் கூடி வருகிறது, எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று முகாமிலிருந்து எழுதியிருந்தார்கள். இந்த வருஷம் போனால் உண்டு. போகாவிட்டால், பாஹிம் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமலே அவள் காலம் கழியும்.

இத்தா உண்மையில் எந்த நாளில் தொடங்கும் என்று சாலிஹ் மௌலவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை. கேட்பதென்றால், அவர் மௌத்தாகியிருக்கக்கூடும் என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அதற்கு அவளுக்கு நா எழவில்லை. மற்றவர்களும் அவள் சொன்னதையே நம்பினார்கள்.

சஃபாரி என்றால் சும்மா டிக்கெட் எடுத்துப் போகிற காரியம் இல்லை. கொழும்பிலிருந்து விமானம், இன்னொரு நாட்டில் மாறி இன்னொரு விமானம், பெம்பா என்ற கடற்கரைப் பட்டினத்திலிருந்து நாலைந்து பேர் மட்டும் ஏறுகிற சின்ன விமானம். அது இறங்குவது காட்டுக்குள் வெட்டிவிட்ட செம்மண் தரையில். பிறகு லுகெண்டா ஆற்றங்கரையில் கூடார முகாம். சிவதர்ஷன் பெரிய தாளில் கோடு போட்டு எல்லாவற்றையும் விளக்கினான்.

"எந்த மிருகம் பாக்க விருப்பம் எண்டு கேட்டிருக்காங்கள்," என்றான்.

"சிங்கம் வேணாம் எண்டு போடு மச்சான்," என்றான் ஷிஹான்.

"வேண்டாததக் கேக்கல்ல. வேணுங்கிறதத்தான் கேக்கிறாங்கள்."

"முயல் எண்டு போடு."

"முயல் பாக்கவா ஆபிரிக்கா போறம்? என்னையும் உன்னோட சேத்துப் பைத்தியம் எண்டுவாங்கள்."

"யானை எண்டு போடுங்க அண்ணே," என்றாள் இர்ஷானா. "ஊருக்குள்ளயும் போகணும் எண்டு கேளுங்க. ஆத்துக்கு அங்கால ஊருகள் இரிக்கெண்டீங்களே. அங்க ஆராவது அவரக் கண்டிருப்பாங்க."

எந்த ஊர் என்று முகாமிலிருந்து கேட்டார்கள். அது தெரிந்தால்தான் நடைப்பயணத்தை ஒழுங்கு செய்யலாமாம். சிவதர்ஷன் யோசித்தான். பிறகு, இர்ஷானாவிடம் சொல்லாமலே, உண்மையை எழுதினான். பாஹிமின் படத்தையும் அனுப்பினான். அவனும் பாஹிமும் படகில் நின்று எடுத்த படம் அது. தன்னை வெட்டிவிட்டு அனுப்பினான். இந்த ஆளைக் கண்ட ஊர் எது என்று விசாரித்து, அந்த ஊருக்கே எங்களைக் கூட்டிப் போங்கள் என்று கேட்டுக்கொண்டான்.

பதில் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து நாலைந்து நாளில் வந்தது. சிவதர்ஷன் கொட்டிலில் தனியாக இருந்தான். முகாமை நடத்துகிற பெண் ஆங்கிலத்தில் பேசி அனுப்பியிருந்தாள். அவர்களுடைய வழிகாட்டி அமாதே ஆற்றைக் கடந்து ஊர் ஊராகப் படத்தைக் காட்டிப் போயிருக்கிறான். மூன்றாவது ஊரில் ஒரு கிழவர் அடையாளம் கண்டாராம்.

குழியில் அல்ல. காய்ச்சல். பாஹிம் காட்டுக்குள்ளால் நடந்து அந்த ஊருக்கு வந்து சேர்ந்தபோதே உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மழையில் பாதை இல்லை, மருந்துக்குப் போக வழியில்லை. கிழவர் தன் குடிசையில் படுக்கவைத்துப் பார்த்தார். அடிக்கடி தண்ணீர் கேட்டானாம். கடல் எந்தப் பக்கம் என்று கைச்சாடையில் கேட்டானாம். நோன்புப் பிறை பார்ப்பதற்கு ஐந்தாறு நாள் முன் மௌத்தானான். அந்த ஊரார் முஸ்லிம்கள். முறைப்படி குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, தொழுது, மாமரத்துக்குக் கீழே கபுறு வெட்டி அடக்கினார்கள். பின்னால் அமாதேயின் குரலும் இருந்தது. தன் மொழியில் ஏதோ நீளமாகச் சொல்லி, மௌத்துச் செய்திக்குச் சொல்கிற 'இன்னா லில்லாஹி'யோடு முடித்திருந்தான்.

சிவதர்ஷன் அதை மூன்று தரம் கேட்டான். பிறகு படகொன்றைத் தள்ளிக்கொண்டு போய், கண்டல் மரங்களுக்கு நடுவே நிறுத்தி, அங்கேயே இருந்தான். அழுதானா என்று கேட்காதீர்கள். கூட்டாளி அல்லவா.

அழுது முடித்த மனிதன் யோசிக்கத் தொடங்கினான். இப்போது சொன்னால் அவள் நாளைக்கே இத்தாவில் உட்காருவாள். இத்தா முடிய மழை வந்துவிடும். பாதி வளவை விற்றவள். போகாமலே போய்விடும். சொல்லாமல் கூட்டிக்கொண்டு போவம். அந்த மண்ணில் நின்று, அந்தக் கிழவரின் வாயால் கேட்கட்டும். பிறகு வந்து இத்தா இருக்கட்டும். இன்னும் ஒரு மாதத்துச் சங்கதிதானே. இப்படி அவன் தனக்குள் ஒரு நியாயம் செய்துகொண்டான். அவனுடைய எண்ணத்தில் கள்ளம் இல்லை. அதனால்தான் இந்தக் கதையைச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

முகாமுக்கு, நன்றி, அந்த ஊரையே பயணத்தில் சேருங்கள் என்று மட்டும் எழுதினான். அவளுக்கு இன்னும் தெரியாது என்று எழுத அவனுக்கு வெட்கமாக இருந்திருக்கும். எழுதவில்லை.

அடுத்த கிழமை இர்ஷானாவின் சாச்சி மகள் நிஸ்மியாவுக்குக் கலியாணம். சிவதர்ஷனுக்கும் அழைப்பு. போகாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். போனான். ஷிஹான் அவனைப் பிடித்து ஒரு சஹனில் இருத்தினான். பெரிய தட்டில் சோற்றைக் குவித்து ஆறு பேர் சுற்றியிருந்து உண்பார்கள்.

"என்ன மச்சான், கோழி பறந்து போயிருமெண்டு பாத்துக்கிட்டு இரிக்காய்? கையப் போடு."

"வயிறு சரியில்ல மச்சான்."

"உங்கட ஊர் வவுணதீவுச் சோத்துக்குப் பழகின வயிறு. புரியாணியக் கண்டு பயப்பிடுது."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சிவதர்ஷனும் சிரித்து, கையை வைத்தான். சாப்பிட்டு எழும்பிப் போகையில், குசினிப் பக்கத்து வாசலில் இர்ஷானா வட்டிலப்பம் என்ற இனிப்பு நிறைந்த கோப்பையோடு நின்றாள். சிவப்புச் சேலை உடுத்திருந்தாள். இரண்டு கையிலும் மருதோன்றி முழங்கை வரைக்கும் சிவந்திருந்தது.

"இதையும் சாப்பிட்டுப் போங்க அண்ணே."

அவன் அந்தக் கைகளைப் பார்த்தான்.

"நிஸ்மியாட வேல," என்றாள் அவள், கொஞ்சம் கூச்சத்தோடு. "வேணாம் வேணாம் எண்டு செல்லச் செல்லக் கைய இழுத்து வச்சிட்டாள். வீட்டில எல்லாரும் மூஞ்சிய இழுத்துக்கிட்டு இருந்தா புதுப் பொண்டுக்கு என்ன ராசி எண்டு நானும் விட்டுட்டன். அவரக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள அழிஞ்சு போயிரும். இல்லாட்டி, நான் இல்லாம என்னத்துக்கு நீ மருதோன்றி போட்டாய் எண்டு அவர் பகிடி பண்ணுவாரு."

சிவதர்ஷன் கோப்பையை வாங்கி, நின்ற நிலையில், வட்டிலப்பம் முழுவதையும் தின்றான். அப்போது சொல்லியிருக்கலாம். கலியாண வீடு, எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டான். பிறகு ஒவ்வொரு நாளும் ஏதோவொன்று. கொழும்புக்குப் போய் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டார்கள். விசா எடுத்தார்கள். இர்ஷானா பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இருந்து, அங்கே போனால் முதலில் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று அவனிடம் திரும்பத் திரும்பப் பாடம் பார்த்தாள். "அவர் உயரம் எண்டு செல்லுங்க. இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பாரு எண்டு செல்லுங்க." அவன் எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னான்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த முஹர்ரம் மாதமும் பாதி கழிந்தது. பயணத்துக்கு இன்னும் ஒன்றரைக் கிழமை. வழிகாட்டி உங்களோடு ஒருமுறை முகம் பார்த்துப் பேசட்டும், காட்டில் எப்படி நடப்பதென்று சொல்வான் என்று முகாமிலிருந்து அறிவித்தார்கள். வருகிற எல்லாருக்கும் செய்கிற ஒழுங்குதானாம். சிவதர்ஷன் தட்டிக் கழிக்கப் பார்த்தான். ஷிஹான் விடவில்லை. "சிங்கம் வந்தா ஓடுறதா நிக்கிறதா எண்டு நான் கேக்கணும்."

கொட்டிலில் மூன்று பேரும் கைபேசிக்கு முன்னால் இருந்தார்கள். அமாதே திரையில் வந்தான். நாற்பது வயதிருக்கும். தலையில் தொப்பி. இர்ஷானாவைக் கண்டதும் வலக்கையை நெஞ்சில் வைத்து ஸலாம் சொன்னான். அவள் பதில் சொன்னாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நம்ம ஆக்களாம் காக்கா, என்று மெதுவாகச் சொன்னாள்.

அமாதே ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினான். சிவதர்ஷன் மொழிபெயர்க்கவில்லை. வாயைத் திறந்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னவாம் அண்ணே?"

ஷிஹான் முன்பு கட்டாரில் வேலை செய்தவன். அவனுக்கு ஆங்கிலம் அரைகுறையாக விளங்கும். அவன் முகம் மாறியதை இர்ஷானா கண்டாள்.

"காக்கா, என்ன செல்றாரு?"

"கபுறுக்கு..." ஷிஹான் தங்கையின் பக்கம் திரும்பினான். "உங்கட மாப்புள்ளட கபுறுக்கு வேலி கட்டியிரிக்காங்களாம். பண்டி தோண்டாம இருக்கிறதுக்கு. நீங்க வாறீங்க எண்டு அந்தக் கிழவர் பாத்துக்கிட்டு இருக்காராம். உங்களுக்கு அல்லா பொறுமையத் தரட்டும் எண்டு செல்றாரு."

இர்ஷானா அழவில்லை. அமாதேயைப் பார்த்துத் தலையசைத்தாள். நெஞ்சில் கை வைத்து, அவனுக்கு ஸலாம் சொன்னாள். ஷிஹான் கைபேசியை அணைத்தான். வாவியில் யாரோ தோணிக்காரன் பாட்டுப் போட்டுக்கொண்டு போனான்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று அவள் சிவதர்ஷனிடம் கேட்டாள்.

"ஓம் தங்கச்சி."

"எப்ப தெரியும்?"

"ஹஜ்ஜுப் பெருநாள் முடிஞ்சு..."

"நிஸ்மியாட கலியாணத்துக்கு முன்னமா?"

அவன் தரையைப் பார்த்தான். "ஓம்."

இர்ஷானா தன் கைகளை விரித்துப் பார்த்தாள். மருதோன்றி கையில் போய்விட்டது. நகங்களில் மட்டும் செம்மஞ்சளாய் நின்றது.

"சொன்னா நீங்க இத்தாவில இருந்திருவீங்க, பயணம் நிண்டிரும் எண்டுதான்..." என்று அவன் தொடங்கினான்.

"டேய்," என்றான் ஷிஹான். கதிரையைக் காலால் தள்ளிவிட்டு, தங்கையைக் கூட்டிக்கொண்டு போனான்.

வீட்டுக்கு வந்தவள் முதலில் ஹவ்வா உம்மாவிடம் சொன்னாள். மாமியாரும் மருமகளும் ஒரு பாயில் இருந்தார்கள். அன்றைக்கு அவர்களுக்குள் சண்டை இல்லை. பிறகு அலுமாரியைத் திறந்து, பழைய வெள்ளைத் துணியெல்லாம் எடுத்துக் கட்டிலில் போட்டாள். அறையின் ஜன்னலுக்குச் சீலை கட்டினாள். "சாலிஹ் மௌலவிய வரச் செல்லுங்க காக்கா. இண்டையில இருந்து நான் இத்தா. நிய்யத்து எப்பிடி வைக்கிறதெண்டு கேக்கணும். பயணத்த நிப்பாட்டச் செல்லுங்க."

சாலிஹ் மௌலவி வந்தார். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் இருந்து எல்லாவற்றையும் கேட்டார். பாஹிம் மௌத்தான நாளை இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்தினார். விரலை மடக்கி எண்ணினார். பிறகு திரைச்சீலைப் பக்கம் திரும்பினார்.

"மகள்," என்றார். "இத்தா எண்டது செய்தி வந்த நாளில இருந்து இல்ல. மௌத்தான நாளில இருந்து. தெரிஞ்சாலும் சரி, தெரியாட்டியும் சரி, நாள் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்."

"அப்ப எனக்கு எத்தின நாள் மிச்சம்?"

"மிச்சம் இல்ல. இந்த முஹர்ரம் பத்து, ஆஷுறா நோன்புக்கு முன்னமே முடிஞ்சிட்டு."

"ஒரு நாளும் இல்லையா?"

"இல்ல மகள். உனக்கு இத்தா இல்ல. நீ வெளிய போகலாம். பயணம் போறதெண்டாலும் தடையில்ல."

"பெருநாள் முடிஞ்ச கையோட எனக்குத் தெரிஞ்சிருந்தா?"

மௌலவி மீண்டும் எண்ணினார். எண்ண விருப்பமில்லாமல்தான் எண்ணினார். "ரெண்டு மூணு கிழமை கிடைச்சிருக்கும். அது முடிஞ்சும் நீ பயணம் போயிருக்கலாம். ஒண்டும் தவறியிருக்காது."

ஒன்றும் தவறியிருக்காது. அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் இர்ஷானா அழுதாள். திரைக்குள் அவள் அழுத சத்தம் கேட்டு, வெளியே ஹவ்வா உம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கணவனுக்காக அவள் இருந்திருக்க வேண்டிய நாட்களில் ஒன்றுகூட அவளுக்குக் கிடைக்கவில்லை. முன்னால் போனவை தெரியாமல் போயின. அதற்கு யாரும் பொறுப்பில்லை. கடைசியில் எஞ்சியிருந்த நாட்களை, அவளுடைய நன்மைக்கென்று நினைத்து, அண்ணன் என்று அவள் கூப்பிட்டவன் எடுத்துக்கொண்டான். அந்த நாட்களில் அவள் சிவப்புச் சேலை உடுத்து, மருதோன்றிக் கையால் அவனுக்கே வட்டிலப்பம் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பள்ளியில் காயிப் ஜனாஸா நடந்தது. நாலு தக்பீர். ஹவ்வா உம்மா வீட்டில் முசல்லா என்ற தொழுகைப் பாயை விரித்து, ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கேட்டபடி இருந்தார். தொழுகை முடிந்ததும் ஷிஹானிடம், "அந்த மனிசன் பேசினதப் போடு மகன்," என்றார். ஷிஹான் சிவதர்ஷனிடமிருந்து அந்தக் குரலை வாங்கி வைத்திருந்தான். அமாதேயின் மொழி ஒரு சொல்லும் அவருக்கு விளங்கவில்லை. கடைசியில் வந்த 'இன்னா லில்லாஹி' மட்டும் விளங்கியது. அதையே திரும்பப் போடச் சொன்னார். திரும்பவும் போடச் சொன்னார்.

"நீ போ மகள்," என்றார் இர்ஷானாவிடம்.

"என்னத்துக்கு மாமி இனி?"

"எண்ட புள்ளட உடம்பில தண்ணி ஊத்தின கை அங்க இரிக்கி. நம்மட ஆக்கள் ஆரும் போய் ஒரு ஸலாம் செல்லல்ல. எனக்கு முழங்கால் ஏலா. நீ போ."

இர்ஷானா இரண்டு நாள் யோசித்தாள். பிறகு ஷிஹானைக் கூப்பிட்டாள்.

"டிக்கெட்ட நிப்பாட்ட வேணாம் காக்கா."

"அவன் வேணாம். கொழும்பில வேற ஆளப் பிடிக்கிறன், இங்கிலிஸ் தெரிஞ்ச ஆள்."

"அவர்தான் வரணும்."

"இர்ஷானா, அவன்ட மூஞ்சியப் பாத்துக்கிட்டு நீ எப்பிடி..."

"அவர்தான் வரணும் எண்டு செல்லிட்டன் காக்கா."

புறப்படுகிற நாள் விடிந்தது. தூரப் பயணம் போகிறவர்கள் சொந்தக்காரர், அயலார் எல்லாரிடமும் போய், நான் செய்த பிழைகளுக்கு மாப்புச் செய்யுங்கள் என்று கேட்டுவிட்டுப் போவது எங்கள் பக்கத்து முஸ்லிம்களின் வழக்கம். திரும்பி வருவோமோ தெரியாது அல்லவா. இர்ஷானா மண் நிற ஹபாயாவோடு வீடு வீடாகப் போய்க் கேட்டாள். கடைசியாக மாமியின் கையைப் பிடித்துக் கேட்டாள். தன்னை எதிர்த்து வாதாடினவளை அவர் தலையில் தடவி அனுப்பினார். அவளுடைய பையில் தன் கையாலேயே மூன்று சாரன் வைத்திருந்தார். குளிப்பாட்டினவர்களுக்காம்.

வான் வாசலில் நின்றது. சிவதர்ஷன் வவுணதீவிலிருந்து விடியப் புறப்பட்டு வந்து, தெருவோரம் தள்ளி நின்றுகொண்டிருந்தான். இந்த நாட்களில் அவன் மெலிந்துபோயிருந்தான். ஷிஹான் அவனைப் பாராமல் பைகளை ஏற்றினான். இர்ஷானா வானுக்குக் கிட்ட வந்தபோது அவன் முன்னால் வந்து நின்றான்.

"தங்கச்சி," என்றான். "எனக்கும் மாப்புச் செய்யுங்க."

அவள் நின்றாள். அவன் முகத்தை அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தாள்.

"இப்ப வேணாம்," என்றாள். "அந்த ஊருக்குப் போய்ச் சேருவம். அவரக் குளிப்பாட்டின மனிசருக்கிட்ட நான் கதைக்கிறதெல்லாம் நீங்கதானே அந்த வழிகாட்டிக்கு இங்கிலிஸில எடுத்துச் செல்லணும், அவர் அவங்கட பாசையில செல்லுவாரு. எனக்குச் செய்தி வந்தத நீங்க மறைச்சதச் செல்லுவன். நிஸ்மியாட கலியாணத்தில நான் சிரிச்சதச் செல்லுவன். அவருக்காக ஒரு நாளும் இருக்கக் கிடைக்கல்ல எண்டும் செல்லுவன். ஒண்டையும் விடாம, மாத்தாம, அந்தக் கிழவருக்குச் செல்லி முடிங்க. அதுக்குப் பிறகு கேளுங்க."

சாரதி ஹோர்ன் அடித்தான்.

"சொல்லுறன்," என்றான் சிவதர்ஷன்.

அவள் ஏறிப் பின் இருக்கையில் ஷிஹானுக்குப் பக்கத்தில் இருந்தாள். சிவதர்ஷன் மூன்று பேரின் கடவுச்சீட்டும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, முன்னால் ஏறிக் கதவைச் சாத்தினான்.